புழு வராதுன்னு சொன்னவங்க எங்கே?

(பருத்தி விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



காட்டு வேலையைப் பாதியில் விட்டுட்டு வந்திருக்கீங்க. நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1954இல் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ் ஒரு ஜோசியம் சொன்னார். பிள்ளைகள் காலத்தில் மின்சாரம் மீட்டர் வைத்து அளக்கவே தேவையில்லாத அளவுக்கு மலிவாகிவிடுமாம். நம் நாட்டு அணுசக்தித் துறையும் 2000ஆம் ஆண்டில் 43,500 மெகாவாட் என்று கணக்குப் போட்டது. அந்த வருஷம் வந்தபோது இருந்தது 3,000 மெகாவாட்டுக்கும் குறைவு. மோட்டாருக்கு மீட்டர் என்ற பேச்சைக் கேட்டால் இன்னைக்கும் நமக்கு வயிறு கலங்குது. ஆனால் செல்போன் வரும்னு நம்ம ஊருக்கு வந்து யாரும் வாக்குக் கொடுக்கலை. அது பாட்டுக்கு வந்து, ஆடு மேய்க்கிறவர் மடியிலே உட்கார்ந்துக்கிச்சு!

அந்த ஜோசியம் பொய்த்ததில் நம் வயலுக்குச் சேதமில்லை. நம் வயலுக்கே வந்து சொன்ன ஜோசியம் ஒன்று உண்டு. அதைத்தான் பேச வேண்டும்.

2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் வைத்திருக்கிறோம், கடிக்கிற புழு செத்துப்போகும், மருந்துச் செலவு மிச்சம் என்றார்கள். எம்.சி.யு.5, எல்.ஆர்.ஏ.5166 என்று கொட்டையை வீட்டிலேயே எடுத்து வைத்து விதைத்த நாம், வருஷா வருஷம் கடையில் பாக்கெட் வாங்க வரிசையில் நின்றோம்.

நியாயத்தையும் சொல்லணும். முதல் சில வருஷம் பச்சைக் காய்ப்புழு அடங்கியது உண்மை. நாட்டுச் சராசரி ஹெக்டேருக்கு 300 கிலோ பஞ்சு என்ற அளவில் இருந்தது, 2007-08இல் 550 கிலோவைத் தாண்டியது. மழை, பாசனம், புது வீரிய ரகம் எல்லாத்துக்கும் அதில் பங்கு உண்டு. விதைக்கும் பங்கு உண்டு. மறுக்கலை.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2010இல் குஜராத்தின் நான்கு மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு இந்தப் பருத்தியைத் தின்றும் சாகவில்லை என்று மான்சான்டோ கம்பெனியே ஒப்புக்கொண்டது. இரண்டு மரபணு வைத்த விதை 2006லேயே வந்திருந்தது. 2015வாக்கில் அதையும் அங்கே புழு ஜீரணித்துவிட்டது. இந்தப் புழு காய்க்குள்ளே இருக்கும். வெளியே பார்த்தால் காய் பளபளன்னு இருக்கும். வெடிச்ச பிறகுதான் பஞ்சு கறையாய், கொட்டை சொத்தையாய்த் தெரியும். அப்புறம் வியாபாரி சொல்கிறதுதான் விலை. சமீப வருஷங்களில் நாட்டுச் சராசரி 450 கிலோவுக்கும் கீழே இறங்கிவிட்டது.

சாறு உறிஞ்சும் பூச்சிக்கு இந்த விதையில் ஒரு தடையும் கிடையாது. 2015இல் பஞ்சாபில் வெள்ளை ஈ வயல் வயலாக அழித்தது. 2017இல் மகாராஷ்டிராவில் யவத்மால் பக்கம் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலிக்காரர்களும் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். மருந்தே வேண்டாம் என்ற பயிரில்தான் இது நடந்தது, அய்யா!

பாக்கெட்டோடு 120 கிராம் சாதா விதை தனியாகக் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கா? வயலைச் சுற்றி அதை நடணும். அதில் வளரும் சாதாப் புழு, தப்பிப் பிழைத்த வீரப்புழுவோடு கலந்தால்தான் புழுக்கூட்டம் சீக்கிரத்தில் மருந்துக்குப் பழகாமல் இருக்கும். விஞ்ஞானிகள் யோசித்துச் செய்த ஏற்பாடுதான். ஆனால் கடைக்காரர் சொன்னாரா? யாராவது வரப்பில் நின்று விளக்கினாங்களா? நம்மில் பல பேர் அந்தப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டோம். நாங்களும்தான் போட்டோம். ஒரு ஏக்கர்காரன் புழு தின்னட்டும்னு ஓரத்தை விடுவானா? அவன் விடமாட்டான் என்பது விற்றவர்களுக்குத் தெரியாதா? ஜோசியம் சொன்னபோது இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கணும்.

இப்போ அடுத்தது வந்திருக்கு. 2025 மே மாதம் மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. அதில் கமலா என்ற ரகம் சம்பா மசூரியைவிட 19 சதவீதம் கூடுதலாக விளையுமாம், இருபது நாள் முன்னதாக அறுவடைக்கு வருமாம். இது வேற்று உயிரின் மரபணுவைப் புகுத்திய ரகம் இல்லை, இருக்கிறதைத் திருத்தியது. பி.டி.யும் இதுவும் ஒன்று என்று சொல்ல மாட்டோம். விளைந்தால் முதலில் நடுவதும் நாமாகத்தான் இருப்போம். ஆனால் முதல் வருஷக் கணக்கை மட்டும் கேட்டு இனி ஏமாற முடியாது. பத்தாவது வருஷம் பொய்த்தால் யார் பொறுப்பு? அதை எழுத்தில் கொடுக்கட்டும். விதை பொய்த்தால் ஏக்கருக்கு இவ்வளவு நஷ்டஈடு என்று பாக்கெட்டிலேயே தமிழில் அச்சடிக்கட்டும். விதையை நாமே எடுத்து வைக்கலாமா, கூடாதா என்பதையும் விற்கும் முன்னாடியே சொல்லட்டும்.

வருகிற குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். புழு விழுந்த காய் ஒரு பை, காலி விதைப் பாக்கெட், கடை பில், சிட்டா நகல் எல்லாம் எடுத்துட்டு வாங்க. பில் தராத கடையில் இன்னைக்கே போய்க் கேளுங்க. தனியாகப் போனால் விரட்டுவாங்க, பத்துப் பேராகப் போங்க. நாங்களும் கூட வருகிறோம்.