முறிந்த முதுகெலும்பும் சிறுதுளைச் சிகிச்சையும்
(கோலா சாவாவில் நடந்த அறவாரிய ஆண்டுக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



தோட்டத்தில் வளர்ந்தவன் நான். சிறுவயதில் எங்கள் லயத்தில் ஒருவர் தென்னையிலிருந்து விழுந்தார். நாலு பேர் ஓடிவந்து கையையும் காலையும் பிடித்துத் தூக்கி லாரியில் போட்டார்கள். "விழுந்தபோது கால் அசைந்ததே!" என்று அவர் மனைவி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பிறகு நடக்கவேயில்லை. தூக்கியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

விலா எலும்புகள் தாங்கும் மேல்முதுகு அதிகம் வளையாது. இடுப்புப் பகுதி வளையும். இரண்டும் சேரும் இடத்தில்தான் முறிவு மிகுதி. மரத்திலிருந்து விழுந்தாலும் மோட்டார் சைக்கிளில் அடிபட்டாலும் அங்கேதான் நொறுங்குகிறது. உள்ளே ஓடும் தண்டுவடம் முடிவதும் ஏறத்தாழ அந்த இடத்தில்தான்.

எல்லா முறிவுக்கும் கத்தி வேண்டாம். உறுதியாக நிற்கும் முறிவு வலி மருந்திலும் இடுப்புப் பட்டையிலும் ஆறிவிடும். ஆட்டம் காணும் எலும்புக்குத்தான் திருகும் கம்பியும். முன்பு இதற்கு நடு முதுகை நீளமாகக் கீறி, தசையை எலும்பிலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது. எலும்பு கூடினாலும் தசை நலிந்துவிடும். சுவிட்சர்லாந்தின் மகெர்ல், தோல் வழியே திருகுகளைச் செலுத்தி வெளியே சட்டத்தில் பிணைக்கும் முறையை 1982இல் எழுதினார். 2001இல் அமெரிக்காவின் ஃபோலி குழுவினர் கம்பியையும் தோலுக்கடியிலேயே செலுத்திக் காட்டினர். இன்று எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, விரல் அகலத் துளைகள் வழியே இது நடக்கிறது. இரத்த இழப்பு குறைவு. நோயாளி சீக்கிரம் எழுந்து உட்காருகிறார். இது தொலைதூர நாட்டுக் கதையன்று. நமது மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்களே இப்படிப் பொருத்திய 2,000 திருகுகளை ஆராய்ந்து 2017இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. திருகு எலும்பைப் பிடிக்கும். அறுந்த தண்டுவடத்தை ஒட்டாது. எலும்புச் சில்லு தண்டுவடத்தை அழுத்தினால் பெரிய கீறலே தேவைப்படலாம். ஆகவே ஆஸ்பத்திரிக்கு முந்திய அரை மணி நேரம் நம் கையில் இருக்கிறது.

விழுந்தவரை உட்கார வைக்காதீர்கள். முதுகை நீவாதீர்கள், எண்ணெய் தேய்க்கிறவரிடம் கொண்டுபோகவும் வேண்டாம். ஆபத்தில்லாத இடமென்றால் அப்படியே கிடக்கட்டும். 999க்குச் சொல்லுங்கள். கால் விரலை அசைக்கச் சொல்லிப் பாருங்கள். மரத்துப்போனதா என்று கேட்டு, நேரத்தோடு குறித்து, மருத்துவரிடம் கூறுங்கள். நகர்த்தியே ஆகவேண்டுமானால், ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றவர்கள் உடலை மரக்கட்டைபோல ஒரே சீராகப் புரட்டிப் பலகையில் கிடத்துங்கள்.

வேலையில் நேர்ந்த விபத்தென்றால் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்ததும் சேரும். செம்பனை வெட்டும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் 2019 முதல் இந்தப் பாதுகாப்பு உண்டு. அவருக்கு இதைச் சொல்ல ஆளில்லை, நாம் சொல்லுவோம். சொக்சோவின் மறுவாழ்வு மையம் 2014 முதல் மலாக்காவில் இயங்குகிறது.

அறவாரியத்தாரிடம் ஒரு வேண்டுகோள். பட்டைகளோடு கூடிய பலகை ஒன்று வாங்கி வையுங்கள். இளைஞர் பத்துப் பேரைப் பழக்குங்கள். திருவிழா நேரத்தில் அதை நாற்காலிகளுக்கு அடியில் போட்டு மூடிவிடாமல், வாசலருகே எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டி வையுங்கள்.