சிசுவின் தேகமும் நம் அவசரமும்

திருப்பாலைக்குடிக் கடலோரத்தில் மீன்பிடித்து ஜீவிப்பவர்களுக்குக் கொடுவா மீனின் ருசியும் விலையும் நன்கு தெரியும். ஆணாக வாழ்வைத் தொடங்கும் அந்த மீன் சில வருஷங்கள் வளர்ந்தபின் பெண்ணாகி முட்டையிடுகிறது என்பதும், பாறை இடுக்குகளில் வசிக்கும் களவா அதற்கு நேர்மாறாகப் பெண்ணாயிருந்து ஆணாகிறது என்பதும் ஜீவசாஸ்திரிகள் கண்டறிந்த உண்மைகள். மனித தேகம் அவ்வாறு மாறுவதில்லை. ஆயினும், பிரகிருதி நம்மை இரண்டே அச்சுகளில் வார்த்து அனுப்பிவிடவில்லை.

கருவில் சுமார் ஆறு வாரம் வரையில் எல்லாச் சிசுக்களின் இனச்சுரப்பியும் ஒரே வடிவந்தான். அதன்பின் ஒய் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணு ஏவ, விந்தகம் உருவாகி ஹார்மோனைச் சுரக்கிறது. அந்த ஹார்மோனுக்கு உடலின் செல்கள் இணங்காவிடில், விந்தகம் உள்ளே இருந்தும் புறத்தோற்றம் பெண்ணுக்குரியதாய் வளர்ந்து, வயது வந்தும் பூப்பு நிகழாதபோதுதான் வீட்டாருக்கு விஷயம் தெரியவரும். வேறு சில குழந்தைகளுக்கு அட்ரீனல் சுரப்பியின் கோளாறால், பிறக்கும்போதே ஆணுறுப்பா பெண்ணுறுப்பா என்று தெளிவாக இராது. அவர்களுள் பலருக்கு உடம்பின் உப்புச்சத்து வெளியேறி உயிருக்கே அபாயம் நேருமாதலால் உடனே மருந்து கொடுத்தாக வேண்டும். அந்த மருந்து அவசரம். உறுப்பை வெட்டித் திருத்துவது அவசரமன்று. இந்த ஒரு பேதத்தை வற்புறுத்தவே இன்று பேசுகிறேன்.

உடலின் இத்தகைய பேதங்களை உலகம் எப்படி நடத்துகிறது என்பதற்கு ஓர் உதாரணம்: புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளரின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வென்ற வெள்ளிப் பதக்கத்தைப் பாலினப் பரிசோதனையின் பேரால் பறிகொடுத்தார். ஓடிப் பெற்ற பதக்கத்தைப் பறித்தது போதாதென்று, அவருடைய தேகத்தின் அந்தரங்கத்தை உலகறியப் பேசியது மகா அநியாயம்.

2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், உறுப்பைத் திருத்தும் அறுவைக்குப் பேசவும் அறியாத சிசுவுக்காகப் பெற்றோர் தரும் சம்மதம் அச்சிசுவின் சம்மதமாகாது என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலன்றிக் குழந்தைகளுக்கு இத்தகைய அறுவை கூடாதென்று தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. இந்திய மாநிலங்களில் இதுவே முதல் தடை.

ஆகவே, தாய்மார்களே, பிரசவ வார்டில் யாரேனும் 'சின்ன ஆபரேஷன்தான், கையெழுத்துப் போடுங்கள்' என்றால், உயிருக்கு ஆபத்துண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், அந்தக் குழந்தை வளர்ந்து தன் விருப்பத்தைத் தானே சொல்லும் வரையில் அன்போடு பொறுத்திருங்கள்.