சென்னையில் ஒரு நாள்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் திருவாலங்காட்டில் மின்சார ரயில் ஏறி, பதினெட்டு பேர் சென்னை போய் வந்தோம். குழுப் பணத்தில் கை வைக்கவில்லை. வாரம் பத்து ரூபாய் என்று தனியாகச் சேர்த்த காசு. சென்ட்ரலில் இறங்கி டவுன் பஸ்ஸில் மயிலாப்பூர் போனோம். 2021 மே மாதம் வந்த திட்டத்தால் நமக்கு டிக்கெட் காசு இல்லை.

கபாலீசுவரர் கோயிலில் நல்ல கூட்டம். வெளியே வந்து எண்ணினால் பதினேழு பேர்தான்! அந்த அக்காவிடம் போன் இல்லை. நாங்களும் நம்பர் எழுதிக் கொடுக்கவில்லை. அது எங்கள் தவறு. அரை மணி நேரம் பதறித் தேடினோம். அறுபத்துமூவர் வரிசையில், நம் ஊரில் முக்தி பெற்ற காரைக்கால் அம்மையார் முன்னால் அமைதியாக இருந்தார். "எல்லாரும் நிக்கிறாங்க, உக்காந்திருக்கிறது நம்ம அம்மாதானே? தேடினா இங்கதான் வருவீங்கன்னு இருந்தேன்" என்றார்.

பிறகு மெரினாவில் கட்டிக்கொண்டு போன புளிசாதம், சுண்டல். அலையில் முதலில் கால் நனைத்தவர் அந்த அக்காதான். திரும்பும்போது பஸ் விசாரித்து எங்களைக் கூட்டி வந்ததும் அவரே.

அடுத்த பயணத்துக்கு இரண்டு முடிவு: எல்லோர் சுருக்குப் பையிலும் இரண்டு போன் நம்பர் எழுதிய சீட்டு, பிரிந்தால் எங்கே சேருவது என்று முன்கூட்டியே பேச்சு. தொலைந்து போவோம் என்று பயந்து யாரும் வீட்டில் இருந்துவிடாதீர்கள்.