முகத்தின் மேடும் பள்ளமும்

அழகிய முகத்தை முழுமதிக்கு ஒப்பிடுவது தமிழ்ப் புலவர்களின் நெடுநாள் வழக்கு. மதிமுகம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் வேறு புகழுரை வேண்டுவதில்லை. ஆனால், அந்த முழுமதியைத் தொலைநோக்கி கொண்டு பார்ப்பவர் சற்றே ஏமாற்றம் அடைவார். பௌர்ணமி இரவிலே சந்திரன் தட்டி வைத்த ரொட்டியைப் போலத் தட்டையாகத் தோன்றும். மலையும் தெரியாது; பள்ளமும் தெரியாது. அதே சந்திரனை வளர்பிறை அட்டமியன்று பார்த்தால், ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையிலே மலைகள் நிமிர்ந்து நிற்கும். குழிகள் ஆழ்ந்து கிடக்கும். 1609ஆம் ஆண்டிலே இந்தக் காட்சியைக் கண்ட கலிலியோ, நிழல்களையே சான்றாகக் கொண்டு, சந்திரனில் மலைகள் உண்டென 1610ஆம் ஆண்டில் நூல் எழுதி உலகுக்கு உணர்த்தினார்.

இதன் காரணம் எளியது. பௌர்ணமியன்று சூரியன், பார்ப்பவரின் முதுகுப் புறத்திலிருந்து நேராக ஒளி வீசுகின்றது. நேரே விழும் ஒளியில் ஒவ்வொரு மலையும் தன் நிழலைத் தன் பின்னாலேயே மறைத்துக்கொள்கின்றது. பக்கத்திலிருந்து ஒளி விழும்போதுதான் நிழல் நீள்கின்றது. நிழல் நீண்டால்தான் மேடு மேடாகத் தெரிகின்றது.

சந்திரனுக்குப் பொருந்தும் இவ்விதி மனித முகத்துக்கும் பொருந்தும். நெற்றி, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, தாடை என்பன முகத்தின் மேடுகள். கண்குழி, கன்ன எலும்பின் கீழ்ப்பக்கம், மூக்கின் இரு பக்கங்கள், தாடையின் கீழ் என்பன பள்ளங்கள். பகல் வெளிச்சம் மேலிருந்து விழுவதால், மேடுகள் ஒளிர்கின்றன, பள்ளங்கள் நிழலாகின்றன. அந்த ஒளி நிழலைப் படித்தே கண் முகத்தின் வடிவத்தை அறிந்துகொள்கின்றது.

ஒளி மேலிருந்தே வரும் என்னும் இந்த எண்ணம் மனித மூளையில் ஆழப் பதிந்துள்ளது. தமிழ்நாட்டிலே பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகள் இதனை நன்கு விளக்கின. தாளில் ஒரு வட்டம் வரைந்து, மேற்பாதி வெளுப்பாகவும் கீழ்ப்பாதி கறுப்பாகவும் படிப்படியாக நிறந்தீட்டினால், அது முட்டை போலப் புடைத்துத் தோன்றும். தாளைத் தலைகீழாகத் திருப்பினால், அதே வட்டம் குழிந்து தோன்றும். தாளில் மேடும் இல்லை, குழியும் இல்லை. நிறத்தின் ஏற்றத்தாழ்வு ஒன்றே கண்ணுக்கு இரண்டையும் காட்டிவிடுகின்றது.

இயற்கை இந்த வித்தையை மறுதலையாகக் கையாள்கின்றது. கடல் மீன்கள் பலவற்றின் முதுகு கருமையாகவும் வயிறு வெண்மையாகவும் இருப்பதைச் சந்தைக்குச் செல்வோர் யாவரும் கண்டிருப்பர். மேலொளி முதுகை வெளுப்பாக்கி, வயிற்றை நிழலாக்கும். மீனின் நிறமோ அதற்கு நேர்மாறாக அமைந்து, அந்த வேறுபாட்டை அழித்துவிடுகின்றது. உருண்ட உடல் தட்டையாகி நீரோடு கலந்து மறைகின்றது. அமெரிக்க ஓவியர் அபட் தேயர் 1896ஆம் ஆண்டிலே இவ்விதியை எடுத்துரைத்தார். மீன் தன் வடிவத்தை மறைக்க நிறத்தைத் துணைக்கொள்கின்றது. நடிகனோ தன் வடிவத்தைக் காட்ட அதே துணையை நாடுகின்றான்.

நடிகனுக்கு இத்துணை ஏன் வேண்டியதாயிற்று? மேடை விளக்கே அதற்குக் காரணம். மேடையின் முன்விளிம்பில் வரிசையாக வைத்த விளக்குகள், கீழிருந்து ஒளி வீசி, நிழல்களைத் தலைகீழாக்கின. 1881ஆம் ஆண்டில் இலண்டன் சவோய் அரங்கு முழுவதும் மின்விளக்குப் பெற்றது. பின்னர் அரங்குதோறும் பரவிய பேரொளி முன்னாலிருந்து விழுந்தபோது, முகங்கள் பௌர்ணமிச் சந்திரன் ஆயின. ஒளி கவர்ந்துகொண்ட நிழலை வர்ணத்தால் மீட்க வேண்டிய தேவை மிகுந்தது. ஜேர்மனியிலே இசைநாடகப் பாடகராக இருந்த லூட்விக் லைக்னர் 1873ஆம் ஆண்டு முதல் செய்து விற்ற கொழுப்பு வர்ணக் குச்சிகள், ஒவ்வொன்றும் ஓர் எண் பெற்று, நடிகர்களின் பெட்டிகளிலே இடம்பிடித்தன.

திரைப்படம் வந்தபோது வேறொரு சிக்கல் தோன்றியது. ஆரம்ப காலப் படச்சுருள் சிவப்பு நிறத்தை உணராது. சிவப்பெல்லாம் கறுப்பாகவே பதியும். கன்னத்தில் செம்மை பூசிய நடிகை, திரையிலே கன்னம் ஒட்டிய நோயாளியாகத் தோன்றினாள். எல்லா நிறங்களையும் உணரும் படச்சுருள் பரவிய பின்னர், 1928ஆம் ஆண்டளவில் ஹொலிவூட்டின் மக்ஸ் பக்டர் அதற்கேற்ற புதிய ஒப்பனை வர்ணங்களை ஆக்கினார். 1931ஆம் ஆண்டின் 'பிராங்கன்ஸ்டைன்' படத்திலே பொரிஸ் கார்லொவ், தம் செயற்கைப் பற்களைக் கழற்றிக் கன்னத்தைக் குழியச் செய்தார். ஒப்பனையாளர் ஜக் பியர்ஸ் அக்குழியை நிழல் வர்ணத்தால் மேலும் ஆழமாக்கினார். 1932ஆம் ஆண்டின் 'சங்ஹாய் எக்ஸ்பிரஸ்' படத்திலோ, முன்னால் உயரத்தில் வைத்த விளக்கே மார்லின் டீட்ரிச்சின் கன்ன எலும்பின் கீழ் நிழலை எழுதியது.

இக்கலையின் வேலைமுறை பலரும் எண்ணுவதைப் போலக் கடினமானதன்று. முதலில் கண்ணாடி வேண்டா; விரல்களே போதும். கண்களை மூடி, முகத்தைத் தடவி, எலும்பு எங்கே எழுகின்றது, எங்கே தாழ்கின்றது என அறிதல் வேண்டும். பின்னர் இரண்டு வர்ணங்கள். தன் தோலின் நிறத்தினும் சற்றுக் கறுத்தது ஒன்று. சற்று வெளுத்தது மற்றொன்று. கறுத்தது பள்ளத்துக்கு, வெளுத்தது மேட்டுக்கு. நிழல் வர்ணம் செம்மை கலவாத பழுப்பாக இருத்தல் நன்று. செம்மை கலந்தால் அது நிழலாகாது, நாணமாகிவிடும். அகன்ற மூக்கை ஒடுக்கிக் காட்ட, இரு பக்கங்களிலும் நிழலும் நடுத்தண்டில் ஒடுங்கிய ஒளிக்கோடும் போதும். இளைஞனை முதியவனாக்க, கன்னத்தையும் பொட்டையும் குழியச் செய்து, மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பை நிழலால் ஆழமாக்கி, அதன் அருகே ஒளியும் இடல் வேண்டும். மடிப்பின் உட்கோடு கூராக நிற்கலாம். மறுபக்கம் தோலோடு கரைந்துவிட வேண்டும். கரையாத வர்ணம் நிழலாகத் தோன்றாமல் அழுக்காகவே தோன்றும்.

இங்கே ஒரு தவறான வழக்கத்தைக் குறிப்பிடாமல் இருத்தல் இயலாது. பாடசாலைக் கலைவிழாக்களிலே, மேடையேறும் பிள்ளையின் முகத்தில் வெள்ளைப் பவுடரை அள்ளிப் பூசுவதே ஒப்பனை என்று கருதுவோர் இன்றும் உளர். கழுத்தும் கையும் ஒரு நிறம், முகம் மட்டும் வேறொரு நிறம். ஒரே வெண்மை முகமெங்கும் பரவியதும், கன்ன எலும்பும் மூக்குத் தண்டும் தாடையும் ஒருங்கே மறைகின்றன. மேடை விளக்கு எரிந்ததும் கடைசி வரிசையிலிருக்கும் தாய்க்குத் தன் பிள்ளையின் முகம் தெரிவதில்லை; கண்ணும் வாயும் வரைந்த ஒரு வெண்தகடே தெரிகின்றது. அதனிலும் பெரிய கேடு ஒன்று உண்டு. தன் நிறம் மேடைக்கு ஆகாதது என்னும் பாடத்தை, எவரும் வாய்திறந்து சொல்லாமலே, அப்பிள்ளை அன்று கற்றுக்கொள்கின்றது.

உண்மையிலே கறுத்த தோல் இக்கலைக்குத் தடையன்று. அதன் மேடுகளில் விழும் ஒளி, சுற்றியுள்ள கருமையினால் எடுப்பாகப் பளிச்சிடும். ஆதலின், அங்கே நிழல் வர்ணம் குறைவாகவும் ஒளி வர்ணம் சிறிதளவாகவும் இட்டாலே முகம் எழுந்து நிற்கும். ஒளியும் நிழலும் ஒன்றையொன்று நோக்கியே பொருள் பெறுவன. வெளுத்த முகத்துக்கு அவை தனியுரிமை அல்ல.

மேடைக்குரிய இவ்வித்தை, 2010ஆம் ஆண்டுகளிலே கைத்தொலைபேசித் திரைகளின் வழியாக வீடுகளிலும் புகுந்தது. அக்கருவியின் மின்னொளி, படம் பிடிக்கும் கண்ணாடிக்கு அருகிலேயே இருப்பதால், அதுவும் முகத்தைப் பௌர்ணமிச் சந்திரன் ஆக்கிவிடுகின்றது. அதனை ஈடுசெய்யவே பலர் கன்னத்தில் நிழல் எழுதுகின்றனர். ஆனால், படத்துக்கென எழுதிய முகம், முற்றத்து வெயிலில் கறை படிந்ததாகத் தோன்றும். எந்த ஒளியில் பார்க்கப்படுமோ அந்த ஒளியிலேயே முகத்தை எழுதுதல் வேண்டும். நாடகம் பழக்கும் ஆசிரியர், ஒப்பனை முடிந்ததும், மேடை விளக்கை ஏற்றச் செய்து, கடைசி வாங்கில் சென்று அமர்ந்து ஒருமுறை பார்த்தல் நன்று.

முகத்தை முழுமதி என்ற அதே புலவர்கள், நெற்றியைப் பாட வந்தபோது பிறைநுதல் என்றனர். ஒரு பக்கம் ஒளியும் ஒரு பக்கம் இருளும் கொண்ட பிறையே, சந்திரனின் வடிவத்தைக் கண்ணுக்கு உண்மையாகக் காட்டுவது.