துண்டுக்கு அடியில் நம் கூலி

(பெங்களூரில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற வாரம் நாங்கள் சிலர் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய் வந்தோம். ஓசூர் தாண்டி, சூளகிரி தாண்டி, கிருஷ்ணகிரிக்குச் சற்று முன்னால் இருக்கிறது அந்த ஊர். வெள்ளிக்கிழமைதோறும் சந்தை. ஊர்த் திருவிழாவுக்குக் கிடா வாங்க வேண்டியிருந்தது. நடுநிசிக்குமேல் கிளம்பி, இருள் பிரியுமுன் இறங்கினோம்.

தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாயில் புரளுகிற இடம் அது. வாங்க வந்தவர் ஆட்டின் வாயைத் திறந்து, இரண்டு பல்லா நாலு பல்லா என்று பார்த்து வயதைச் சொல்கிறார். இடுப்பைப் பிடித்துப் பார்த்து, கறி இத்தனை கிலோ தேறும் என்கிறார்.

மாட்டுப் பக்கம் போனோம். தரகரும் விற்பவரும் கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டுக்கொண்டார்கள். மாட்டுச் சந்தைகளில் இது பழைய வழக்கம். வாய் பேசவில்லை, விரல் பேசியது. பக்கத்தில் நின்ற எங்களுக்கு விலை தெரியாது. விற்கப்படுகிற மாட்டுக்கும் தெரியாது. கயிறு கை மாறியபோதுதான் வியாபாரம் முடிந்தது என்று கண்டுகொண்டோம்.

எங்களோடு வந்த ஓர் அம்மா, இருபது ஆண்டு சித்தாள் வேலை பார்த்தவர், "நம்ம கூலியையும் இப்படித்தானே பேசுறாங்க?" என்றார். சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். விடிகாலையில் இந்த நகரத்து நாற்சந்திகளில் நாம் நிற்கிறோம். மேஸ்திரி நம் பல்லைப் பார்ப்பதில்லை, தோளைப் பார்க்கிறார். ஒப்பந்தக்காரர் தலைக்கு எவ்வளவு தந்தார் என்று நமக்குத் தெரியாது. நம் கைக்கு எவ்வளவு வரும் என்பது மாலையில்தான் தெரியும். பெண்களுக்கு அதிலும் குறைவு.

மாட்டுக்கு வாயில்லை. நமக்கு இருக்கிறது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தது. கட்டடத் தொழிலாளருக்கென 1996-ல் மத்திய சட்டம் வந்தது. அதன்படி கர்நாடகத்தில் 2007-ல் நல வாரியம் அமைந்தது. 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்தவர் அதில் பதியலாம். வேறு மாநிலத்தார் என்பது தடையல்ல. ஆனால் அந்த 90 நாளுக்குச் சான்று வேண்டும். நாள் கணக்கை எழுதி வைத்திருப்பவர் நம்மில் எத்தனை பேர்?

ஆகவே இன்றிரவே வீட்டில் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த நாள், எந்தக் கட்டடம், எந்த மேஸ்திரி, எவ்வளவு கூலி என்று எழுதுங்கள். நமக்கு எழுத வராவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதட்டும். நாளைக் காலை வண்டியில் ஏறுமுன் கூலியை நாலு பேர் காதில் விழப் பேசுங்கள். ஒருவர் மட்டும் கேட்டால் மேஸ்திரி அடுத்த ஆளைக் கூப்பிடுவார். நிற்பவர் அத்தனை பேரும் கேட்டால் துண்டை எடுத்துத்தான் ஆகவேண்டும்.

கிடா வாங்கினீர்களா என்று கேட்பீர்கள். வாங்கினோம். விலையை வாய்விட்டுப் பேசித்தான் வாங்கினோம்.