உத்தரவிடுவதும் அவர்களே, பரிசீலிப்பதும் அவர்களே

(ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



1799 மே 4 அன்று இங்குள்ள கோட்டை வீழ்ந்தது. திப்பு சுல்தான் களத்தில் மாண்டார். தம் கனவுகளை அவர் தம் கைப்பட எழுதி வைத்திருந்த ஏட்டையும் ஆங்கிலேயர் விட்டுவைக்கவில்லை. படுக்கையறையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட அந்த ஏடு இன்று லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஆளப்படுவோரின் அந்தரங்கம் ஆள்வோரின் உடைமை என்பதே காலனியாட்சியின் நியதி.

அந்த நியதிக்குச் சட்ட வடிவம் தந்தது 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம். விடுதலைக்குப் பின்னும் அது நீடித்தது. 1988இல் தொலைபேசி ஒட்டுக்கேட்புப் புகாரால் கர்நாடக முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். 1996இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் சில நெறிமுறைகளை வகுத்தது. ஆனால், நீதிபதியின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கவில்லை. உள்துறைச் செயலாளர் உத்தரவிடுவார். அரசுச் செயலாளர்கள் அடங்கிய குழு பரிசீலிக்கும். ஒன்றிய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு உத்தரவுகளைப் பிறப்பித்தது என்பது பின்னர் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே தெரியவந்தது. நாளொன்றுக்குக் குறைந்தது 250 உத்தரவுகள்! எவர் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டிருக்க முடியும்?

இணையத்துக்கான ஏற்பாடு இதனினும் கொடியது. தந்திச் சட்டத்தில் பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்ற வரம்பாவது இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு அதையும் கைவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என, கர்நாடக உயர்நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 24 அன்று. மறு ஆண்டு டிசம்பரிலேயே, எந்தக் கணினியிலுள்ள தகவலையும் இடைமறிக்க 10 அமைப்புகளுக்கு உள்துறை அமைச்சகம் அதிகாரம் அளித்தது.

2021இல் பெகாசஸ் உளவு அம்பலமானது. 2019இல் கர்நாடகக் கூட்டணி அரசு கவிழ்க்கப்பட்ட வேளையில் துணை முதலமைச்சர் பரமேஸ்வராவின் எண்ணும் இலக்குப் பட்டியலில் இருந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. மாநிலங்களவை உறுப்பினர் ஜான் பிரிட்டாஸ் உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தனர். உச்சநீதிமன்றம் அமைத்த குழு ஆராய்ந்த 29 கைப்பேசிகளில் 5இல் தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தானா என்பது உறுதிப்படவில்லை. குழுவுக்கு ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்று தலைமை நீதிபதியே நீதிமன்றத்தில் தெரிவித்தார்.

மறைக்க ஏதுமற்றவருக்கு அச்சம் எதற்கு என்று ஆட்சியாளர்கள் கேட்கின்றனர். சங்கம் தொடங்க இரவில் கூடிப் பேசும் தொழிலாளிக்கு, நிர்வாகம் அறியும்முன் ஒன்றுசேரும் அவகாசமே பாதுகாப்பு. அந்தரங்கம் பறிபோனால் அமைப்பாகும் உரிமையும் பறிபோகும்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை: நீதிபதியின் ஆணையின்றிக் கண்காணிப்புக் கூடாது, உளவு அமைப்புகள் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், கண்காணிக்கப்பட்டவருக்கு அது பின்னர் அறிவிக்கப்பட வேண்டும். இவற்றை ஒவ்வொரு கிளையும் மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும்.