எம்.ஏ. முடித்த பிறகு பி.ஏ.: வரிசை ஏன் முக்கியம்?
(மாகறலில் நடந்த மக்கள் சேவை விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச வந்த விஷயம், முதல் முறை கேட்டால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். எம்.ஏ. முடித்தவர் மறுபடியும் பி.ஏ. படிக்கிறார். "மேல்படி ஏறினவர் ஏன் கீழ்ப்படிக்கு இறங்குறார்?" என்று வீட்டிலேயே கேட்பார்கள். ஆனால் தமிழ்நாட்டில் இப்படிப் படிக்க வேண்டிய நிலையில் பலர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இது ஆசைக்காகப் படிக்கிற படிப்பு இல்லை, வேலைக்காகப் படிக்கிற படிப்பு.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் நடக்கக்கூடிய ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு அக்கா பத்தாம் வகுப்பு முடித்ததும் குடும்ப நிலைமைக்காகத் தறியில் உட்கார்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ எழுதவில்லை. இருபத்து நான்கு வயதில், திறந்தவெளி முறையில் நேரடியாக எம்.ஏ. சேரலாம் என்று ஒரு விளம்பரம் பார்க்கிறார். குறிப்பிட்ட வயது நிறைந்திருந்தால் போதும், பட்டப்படிப்பு தேவையில்லை என்கிறார்கள். அப்போது தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் அந்த வழி உண்மையிலேயே இருந்தது. அக்கா பகலில் தறி, ராத்திரியில் புத்தகம் என்று படித்து எம்.ஏ. வரலாறு முடித்தார். சான்றிதழில் ஒரு குறையும் இல்லை, பல்கலைக்கழக முத்திரையோடு கையில் வந்தது. ஆனால் அரசு வேலைக்கு விண்ணப்பித்தபோது, "உங்க பி.ஏ. எங்கே?" என்று கேட்டார்கள்.

இது ஏன் என்று புரிய, 1985-க்குப் போக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., அந்த ஆண்டு ஒரு ஒழுங்குமுறை கொண்டுவந்தது. முதல் பட்டம் என்றால் மூன்று ஆண்டுப் படிப்பு. அந்த முதல் பட்டம் இருந்தால்தான் முதுகலையில் சேரலாம். அஞ்சல்வழி, தொலைநிலைப் படிப்புகளுக்கும் இதுதான் விதி. ஆனால் திறந்தவெளி முறை என்ற பெயரில் நேரடி முதுகலைப் படிப்புகள் அதற்குப் பிறகும் நடந்துகொண்டிருந்தன.

விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசுத் திரைப்படக் கல்லூரி முதல்வர் பதவிக்கு, பி.ஏ. இல்லாமல் திறந்தவெளி முறையில் வாங்கிய எம்.ஏ. செல்லுமா என்பதுதான் கேள்வி. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஒரு பக்கம். எதிர்த்தரப்பில் முதல் பெயர் தமிழ்நாடு அரசின் தகவல், சுற்றுலாத் துறைச் செயலாளர். (செய்தித் துறையில் வேலை பார்க்கிற எனக்கு, அந்தத் தலைப்பைப் படித்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது!) 2009 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: யு.ஜி.சி. ஒழுங்குமுறை கட்டாயமானது, முதல் பட்டம் இல்லாமல் வாங்கிய முதுகலைப் பட்டம் செல்லாது.

அதே ஆண்டு ஆகஸ்டில் பணியாளர், நிர்வாகச் சீர்திருத்தத் துறை அரசாணை எண் 107 வெளியிட்டது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம்தான் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும் என்கிறது அது. டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கைகளில் "பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் பெற்றிருக்க வேண்டும்" என்று பார்க்கிறோமே, அது இதைத்தான் சொல்கிறது.

நெசவு தெரிந்தவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். பாவு போடாத தறியில் எவ்வளவு உசத்தியான ஊடையை ஓட்டினாலும் புடவை வராது.

சரி, அந்த அக்கா இப்போது என்ன செய்யலாம்? இங்கேதான் இரண்டாவது பள்ளம் இருக்கிறது. "எம்.ஏ. இருக்கு, பி.ஏ. மட்டும்தானே இல்லை, அதையும் நேரடியா சேர்ந்துடலாம்" என்று நினைத்தால் மூன்று வருடம் வீணாகும். பிளஸ் டூ இல்லாமல் படித்த பி.ஏ.வும் அரசு வேலைக்கு அதே வரிசைக் கேள்வியில் மாட்டும். முதலில் பிளஸ் டூ. தனித்தேர்வராக எழுதலாம், அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் சேவை மையங்களில் விண்ணப்பிக்கலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் மூலமும் மேல்நிலை முடிக்கலாம். அதன் பிறகு பி.ஏ. 2002-ல் அரசு தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில், வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பின்னால் வாங்கிய பி.ஏ., பழைய எம்.ஏ.வுக்கு உயிர் கொடுக்காது. எம்.ஏ.வில் சேர்ந்த அன்றைக்கு முதல் பட்டம் இருந்ததா என்பதுதான் கணக்கு. புதிய பி.ஏ. தன் சொந்தக் காலில் நிற்கும்; பட்டப்படிப்பு கேட்கிற குரூப் 2 போன்ற தேர்வுகளுக்கு அது போதும். முதுகலை கேட்கிற பதவி என்றால், எம்.ஏ.வை மறுபடி படிக்க வேண்டியதுதான். கேட்க மனசு கஷ்டமாக இருக்கும், தெரியும். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, திறந்திருந்த கதவு வழியாகத்தான் போனார்கள். ஆனாலும் அரைகுறை நம்பிக்கை கொடுத்து அனுப்புவது அதைவிட மோசம் என்று நினைக்கிறேன்.

அதுவரை சும்மா இருக்க வேண்டும் என்பதில்லை. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே அடிப்படைத் தகுதி. எம்.ஏ. செல்லாவிட்டாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழை யாரும் எடுத்துவிட முடியாது.

வக்கீலுக்குப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 2008 சட்டக் கல்வி விதிகளும் இதே மாதிரிதான்: அடிப்படைத் தகுதி இல்லாமல் திறந்தவெளி முறையில் நேரடியாக வாங்கிய பிளஸ் டூவோ, பட்டமோ, முதுகலையோ வைத்து சட்டப் படிப்பில் சேர முடியாது. கட்டணம் கட்டுவதற்கு முன்பே இதைச் சரிபாருங்கள்.

வரிசை எல்லாம் சரியாக இருந்தும், வேறொரு பாடத்தில் இளங்கலை படிக்க வருகிறவர்களும் உண்டு. எம்.எஸ்சி. முடித்துவிட்டுத் தமிழ் பி.ஏ. படிக்கலாம், எம்.காம். முடித்தவர் மூன்றாண்டு சட்டம் படிக்கலாம். தடையே இல்லை. 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. கொண்டுவந்த வழிகாட்டுதல்படி, கல்லூரிக்கு நேரில் போய் ஒரு படிப்பும், தொலைநிலையில் இன்னொன்றும் ஒரே நேரத்தில் படிக்கலாம். அதற்காக பி.ஏ.வையும் அதற்கு மேல் எம்.ஏ.வையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்க முடியாது!

இப்போது போனை எடுங்கள். தொலைநிலைப் படிப்பில் சேரும் முன் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்த ஆண்டு, அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று தேடுங்கள். பல்கலைக்கழகம் பெரியது என்பதால் எல்லாப் படிப்புக்கும் அனுமதி இருக்கும் என்று நினைக்காதீர்கள். 2024 முதல் இப்படிப் படிப்பில் சேர அந்தத் தளத்தில் 'டெப் ஐடி' உருவாக்குவதும் கட்டாயம். அதற்கு முன் ஏ.பி.சி. ஐடி வேண்டும், அதை டிஜிலாக்கர் வழியாகவே எடுக்கலாம். ஆதாரில் இருக்கிற பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிற பெயரும் ஒன்றா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இனிஷியல் ஒரு எழுத்து மாறினாலும் பின்னால் அலைச்சல்.

ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர்கள், படிப்பில் சேரும் முன்பே துறைக்கு எழுத்தில் தெரிவித்து அனுமதி வாங்கி, அந்த நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி இருக்கிறவர்கள் தயங்காமல் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். வரும்போது உங்கள் சான்றிதழ்களைத் தேர்ச்சி பெற்ற மாதம், வருடப்படி அடுக்கிக்கொண்டு வாருங்கள். முதலில் பத்து, அப்புறம் பிளஸ் டூ, அப்புறம் பட்டம். எந்த இடத்தில் தேதி முன்னுக்குப் பின் இருக்கிறது என்று சேர்ந்தே பார்ப்போம்.